தொடங்கும்போதே நின்றுவிடும் கம்ப்யூட்டர்

என் கணவருக்குப் பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். சொட்டு மருந்து விட்டோம். ஆபரேஷனும் செய்தோம். இருந்ததும் போனது. முதலில் பக்கத்தில் வருகிற வண்டி தெரியவில்லை. அப்புறம் எழுத்து தெரியவில்லை. கடைசியில் நான் எதிரே நிற்பது தெரியவில்லை. துறைமுகத்துச் சரக்கைக் கையாளும் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், யாரும் போகச் சொல்வதற்கு முன்பு தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் வீடு காரைக்கால் பக்கம் போலகத்தில். இருக்கிற நெல் வயலை அவருடைய அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் பட்டினத்தில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் நான் பஸ் ஏறினால் சாயங்காலம் வரை வீட்டில் அவர் ஒருவர்தான்.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கண் நன்றாக இருந்த காலத்தில் அவரே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. பார்வை போனபிறகு அதன்மேல் துண்டு போட்டு மூடி வைத்திருந்தோம். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, மதுரைப் பக்கம் இருந்த ஒருவர் போனிலேயே அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தவருக்கும் பார்வை கிடையாது. ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அந்த இயந்திரக் குரல்தான். தமிழை மூக்கால் பேசும், ளகரத்தை லகரமாகக் கடிக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர் அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் அது கொட்டும், அவர் தலையாட்டிக்கொண்டு கேட்பார்.

அதை வைத்து ஒரு வேலையும் கிடைத்தது. சென்னையில் ஒரு அமைப்பு, ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேசிப் பதிவு செய்துகொண்டு வருவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். இவர் விரலுக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. நம் பக்கத்துப் பேச்சு என்றால் மற்றவர்களுக்குப் புரியாத சொல்லும் இவருக்குப் புரியும். அங்கே வேலை கொடுத்த அம்மா ஒருமுறை போனில், "சார், உங்க ஃபைல்ல நாங்க கையே வைக்க வேண்டியதில்ல" என்றார். அன்றைக்கு நான் சோறு போடும்போது இவர் அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

கம்ப்யூட்டர் கெட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இந்தா, கொஞ்சம் வாயேன். இன்னும் பேசல" என்று கூப்பிட்டார்.

வழக்கமாகச் சுவிட்சைப் போட்டால் ஒரு பீப் சத்தம், பிறகு மின்விசிறி இரைச்சல், கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல். அன்றைக்குப் பீப் வந்தது, இரைச்சல் வந்தது, குரல் வரவில்லை. மறுபடியும் பீப். மறுபடியும் இரைச்சல். ஈரக் கையோடு போய்ப் பார்த்தேன். திரையில் புள்ளிகள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தவை நின்று, திரை முழுக்க நீலமானது. ஏதோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. படிப்பதற்குள் அணைந்து, திரும்பவும் தானாகவே தொடங்கியது.

"நீலமா வருதுங்க. எழுத்து வருது. உடனே போயிடுது."

"அடியில பெரிய எழுத்துல ஒரு வரி இருக்கும். அதான் வேணும். அத மட்டும் படி."

அடுத்த முறை தயாராக நின்றேன். "ஐ, என், ஏ, சி, சி..." என்று எழுத்தெழுத்தாகச் சொல்வதற்குள் போய்விட்டது.

"பரவால்ல. அடுத்த தடவ பின்பாதிய மட்டும் படி" என்றார்.

இப்படியே இரண்டு மூன்று முறை அது விழுந்து எழுந்தது. ஒவ்வொரு தடவையும் நான் ஒரு துண்டைப் பிடித்துச் சொன்னேன், அவர் சேர்த்துக்கொண்டார். போனில் படம் எடுத்துவிட்டால் போதும் என்பது எனக்கு அப்புறம்தான் தோன்றியது. சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்டி" என்றார்.

"ஹார்ட் டிஸ்க்க அதால கண்டுபிடிக்க முடியலங்குது. ஒயர் லூசா இருக்கும்" என்று பெட்டியைத் தரையில் இறக்கச் சொன்னார். பக்கத்துத் தகட்டின் திருகுகளை அவரே கழற்றினார். உள்ளே கையை விட்டு ஒவ்வொன்றாகத் தடவி, இது பவர், இது டிஸ்க் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே ஒயர்களைப் பிடுங்கி அழுத்திச் செருகினார். நினைவகத் தகட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். ரப்பரால் அதன் பித்தளைப் பல்லைத் தேய்க்க வேண்டுமாம். பள்ளியிலிருந்து கொண்டுவந்த ரப்பர் என் பையில் இருந்தது. தேய்த்துக் கொடுத்தேன். அது பள்ளத்தில் உட்காரும்போது க்ளிக் என்று சத்தம் வந்தது. "உக்காந்துட்டுது" என்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்து முகம் அது.

சுவிட்சைப் போட்டோம். புள்ளி சுற்றியது. நீலம் வரவில்லை. முகப்புத் திரை வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, குரல் வரட்டும் என்று இருந்தேன். குரல் வந்தது. "டெஸ்க்" என்றது. அத்தோடு திரை அப்படியே உறைந்து, மறுபடி நீலம்.

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு மிச்சச் சொல்லுக்காகக் காத்திருந்தார். பீப் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இப்ப என்ன எழுதியிருந்துது?"

படம் எடுத்து வைத்திருந்ததைப் படித்தேன். முதலில் வந்தது இல்லை, இது வேறு.

"இன்னொரு தடவ போடு."

மூன்றாவதாக வந்தது இரண்டிலும் சேராத இன்னொன்று.

"ஒரே கோளாறுன்னா ஒண்ணையே சொல்லும். தடவைக்கு ஒண்ணு சொல்லுதுன்னா மதர்போர்டே போயிட்டிருக்குன்னு அர்த்தம்" என்றார்.

அப்படியும் அன்று சாயங்காலம் வரை விடவில்லை. உள்ளே இருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். மவுஸைப் பிடுங்கிப் பார்த்தார். சேஃப் மோடு என்கிற பாதுகாப்பு முறையில் நுழையலாம் என்று எந்த விசையை எப்போது அழுத்துவது என்று எனக்குச் சொன்னார். அதிலும் நீலம்தான். மீன் குழம்பு வைக்கவே இல்லை. கழுவிய மீனை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

காரைக்காலில் ஒரு கம்ப்யூட்டர் கடை. பெட்டியை வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். வேண்டாம் என்று சொல்லியும் அவரும் கிளம்பி வந்தார். கடைக்காரர் எங்களைவிடச் சின்னவர், மரியாதையான ஆள். ஆனால் அவர் எல்லாவற்றையும் என்னிடமே பேசினார்.

"சாருக்கு எவ்வளவு நாளா இப்படிக்கா?"

"என்னையே கேளுங்க, காது கேக்குது" என்றார் இவர். சண்டையாகச் சொல்லவில்லை. கடைக்காரர் பதறி, "மன்னிச்சுக்கங்க சார்" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டார்.

திறந்து பார்த்தவர் விளக்கை உள்ளே காட்டினார். "போர்டு பூரா பச்சை பிடிச்சிருக்கு சார். உப்புக் காத்து. கடலோரம் எல்லா வீட்டுலயும் இதே கததான். கெப்பாசிட்டர் வேற உப்பிப்போயிருக்கு. இந்த போர்டு இப்ப வர்றதில்ல. பழசு எதாவது கெடச்சா மாத்தித் தர்றேன். கேரண்டி சொல்ல மாட்டேன்."

"டிஸ்க்கு?"

"டிஸ்க்கு நல்லாருக்கு சார். ஃபைல் ஒண்ணும் போவல."

பாதியில் நின்ற வேலை ஒன்று அதில் இருந்தது. கோடியக்கரைப் பக்கத்து உப்பளத் தொழிலாளி ஒருவரின் பேச்சு என்று சொல்லியிருந்தார். அதை நினைத்துத்தான் கேட்டார் என்று எனக்குத் தெரியும். சென்னைக்கு அன்றே போன் செய்து தாமதமாகும் என்று சொன்னார். அந்த அம்மா, "அவசரமில்ல சார், மெதுவா அனுப்புங்க" என்றார். இதற்கு முன்பெல்லாம் அவர்கள் அவசரமில்லை என்று சொன்னதே கிடையாது. அது எனக்கு உறுத்தியது. அவரிடம் சொல்லவில்லை.

பழைய போர்டு கிடைக்க நாளாயிற்று. அந்த நாட்களில் அவர் போனில் ஏதாவது செய்ய முயன்றார். போனும் பேசும். ஆனால் வழவழப்பான கண்ணாடியில் எழுத்து எங்கே இருக்கிறதென்று விரல் தேடிக்கொண்டே இருக்கும். ஒரு வரி அடிப்பதற்குள் வியர்த்துவிடும். "இது எனக்கு ஆவாது" என்று வைத்துவிட்டார்.

கடைக்காரர் கூப்பிட்டார். பெட்டியை வாங்கி வந்து மேசையில் வைத்தோம். போர்டு மாறியதால் பேசும் மென்பொருளைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. குரல் வரும்வரை அவருக்கு அது ஊமை, ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். குரல் வந்ததும் அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டார். உப்பளத்துக்காரர் பேச்சை முடித்து அனுப்பிவிட்டு, அடுத்தது எப்போது வரும் என்று கேட்கச் சென்னைக்குப் போன் போட்டார். எப்போதும்போல ஸ்பீக்கரில்தான் போட்டார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்றார் அந்த அம்மா. பிறகு கொஞ்சம் தயங்கினார். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இப்ப பேச்ச போட்டா அதுவே டைப் பண்ணிக்குது சார். தப்பு நெறைய வருது. ஆனா நாங்களே உக்காந்து திருத்திக்கிறோம். மேல உள்ளவங்க இனிமே அப்படியே பண்ணச் சொல்லிட்டாங்க."

"அந்தத் திருத்துற வேலையக் குடுங்களேன். எங்க பக்கத்துப் பேச்சு அதுக்குத் தெரியாதுல்ல?"

"அது ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே கேட்டுக்கிட்டே செய்யணும் சார். ரெண்டும் ஒண்ணா ஓடும். அதான்..."

"ஆமா, ஆமா" என்றார் இவர் உடனே. அந்த அம்மா சங்கடப்படக் கூடாது என்பதுபோல. "ஒண்ணும் இல்லம்மா. எதாவது இருந்தா சொல்லுங்க."

"கண்டிப்பா சார்."

போனை வைத்துவிட்டு, "நல்ல பொம்பள. நேராவே சொல்லிட்டாங்க" என்றார். நான் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். வேறு இடம் தேடலாம் என்றேன். "தேடலாம்" என்றார். மதுரைக்காரருக்குப் போன் செய்தார். அங்கும் அதே கதை, அவருக்கும் வேலை நின்றிருந்தது. இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள், பெரும்பாலும் அவரவர் கண் டாக்டரைப் பற்றி.

கொஞ்ச நாள் செய்தி கேட்டார், ஏதேதோ புத்தகம் கேட்டார். நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் குரல் கேட்காமல் போனதை நான் உடனே கவனிக்கவில்லை. பள்ளியில் பரீட்சை நேரம், வந்ததும் படுத்துவிடுவேன். ஒரு சனிக்கிழமை மேசையைத் துடைக்கும்போது விசைப்பலகைமேல் தூசி படிந்திருந்தது. சுவிட்சைப் போட்டேன். பீப். இரைச்சல். நீலம்.

"என்னங்க, மறுபடியும் போயிட்டுதா? எப்பலேர்ந்து?"

"ஆச்சு, போன வாரமே."

"சொல்லவே இல்லையே?"

"சொல்லி?"

எனக்கு எங்கிருந்தோ ஒரு பிடிவாதம் வந்தது. பெட்டியைத் தரையில் இறக்கினேன். திருகைக் கழற்றினேன். அவரிடம் கற்றதுதான். ஒயரை எடுத்துச் செருகினேன், நினைவகத் தகட்டைத் தேய்த்து மாட்டினேன். க்ளிக் சத்தம் வந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். நான் சரியாகச் செய்கிறேனா, அடுத்து என்ன என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. சுவிட்சைப் போட்டேன். நீலம் வந்தது. படம் எடுத்துப் படித்துக் காட்டினேன், எழுத்தெழுத்தாக.

"விடு" என்றார். "கைய கழுவிட்டு வந்து உக்காரு."

"கடைக்கு எடுத்துக்கிட்டுப் போவமா?"

"என்னத்துக்கு? அவன் பாவம், வேற என்ன செய்வான்."

தகட்டை மூடித் திருகினேன். ஒரு திருகு மிஞ்சிவிட்டது, அது எங்கே போகவேண்டும் என்று கேட்கவும் எனக்கு மனமில்லை.

இப்போது பகலில் தூங்குகிறார். நான் சாயங்காலம் வரும்போது எழுந்து உட்கார்ந்திருப்பார். காப்பி போட்டுக் கொடுத்தால், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் மத்தியானம் ஓடிய தொடரின் கதையைச் சொல்வார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் பெட்டி, சத்தமாக வைப்பார்கள். முன்பு தொடர் ஓடும் வீட்டுக்குள்ளேயே நுழையமாட்டார். இப்போது மாமியார் என்ன சொன்னாள், மருமகள் எப்படி அழுதாள் என்று வரிசையாகச் சொல்கிறார்.

"நம்மளே ஒரு டிவி வாங்கிடுவோமே" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணாம் வேணாம். இது போதும்" என்றார். பிறகு நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "அந்தப் பொண்ணு வீட்டவிட்டுக் கெளம்பிட்டா. அவன் வாசல்ல நின்னு கூப்புடறான். அவ திரும்பி என்னமோ சொன்னா. அந்த நேரம் பாத்து அவுங்க வீட்டுக் குக்கர் விசில் அடிச்சிட்டுது. என்ன சொன்னான்னு தெரியல."

"நாளைக்குத் தெரிஞ்சிடும்" என்றேன்.

"தெரியும் தெரியும்" என்று டம்ளரை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.