உண்ட பின்னாடி சொல்லு

எழவு சொல்லப் போகிறவன் எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் அப்பா. அதுவும் தன் சாவுக்கே!

தர்மபுரி பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். எண்பதுகளின் நடுவில், எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் பக்கம் போன் ஏது?

"நான் போயிட்டா ஏரியூருக்கு நீயே போடா. அக்கா வாயும் வயிறுமா இருக்கா. மொத கொழந்தயே தங்கல. விசயம் தெரிஞ்சா பச்சத்தண்ணி பல்லுல படவுடமாட்டா. அவ உண்ட பின்னாடி சொல்லு."

"இப்ப எதுக்குப்பா இதெல்லாம்?" என்று எரிந்து விழுந்தேன்.

"வேற யாருகிட்டடா சொல்றது?" என்றார்.

அந்த வாரமே ஒரு விடிகாலையில் போய்விட்டார். பாத்திரக்கடை பாய் வீட்டுப் பையன், என்னோடு படித்தவன், கூப்பிடாமலே என்னுடன் பஸ் ஏறினான். அப்பா சொன்னதை அவனிடம் சொன்னேன். "நீ மூஞ்சிய மட்டும் கழுவிக்கோ. பேச்ச நான் பாத்துக்கறேன்" என்றான்.

"அடேடே, வாங்கடா! அப்பா எப்படிடா இருக்காரு?" என்றாள் அக்கா.

"தூங்கறாருக்கா."

சுடச்சுடக் களி கிண்டி, கீரை கடைந்து போட்டாள். நண்பன் எதையெதையோ பேசிச் சிரிக்கவைத்தான். அவன் இரண்டாவது உருண்டை கேட்க, அவளும் இன்னொன்று வைத்துக்கொண்டாள். களி மெல்லாமல் விழுங்குகிற சாப்பாடு. எனக்கு அன்றைக்கு அது உள்ளே இறங்கவேயில்லை.

அவள் கை கழுவி வந்ததும் சொன்னேன்.

"எப்ப?"

"வெடியால."

"அப்பா அங்க செத்துக் கெடக்கறாரு, என்ன இங்க திங்கவெச்சு வேடிக்க பாத்தியா? நீயெல்லாம் மனுசனாடா?"

வாசலுக்கு ஓடினாள். தொண்டைக்குள் விரலை விட்டுத் தின்ற அத்தனையையும் வெளியே எடுத்தாள். பாவி, அப்பா சொன்னது அவ்வளவும் வீணாய்ப் போனது.

"அக்கா, உங்கப்பாதான்..." என்று நண்பன் ஆரம்பித்தான். அவன் கையை இறுக்கிப் பிடித்தேன்.

பஸ்ஸில் அவள் முன்சீட்டில் அழுதுகொண்டே வந்தாள். "ஏண்டா தடுத்த?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அவ அழறதுக்கு அப்பா வேணும்டா. திட்டறதுக்கு நான் இருக்கறேன்."

குழந்தை தங்கியது. பேர் வைத்தபோது எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. பிறகு என் கல்யாணத்துக்கு வந்தாள். மாமாவும் பிள்ளையும் பந்தியில் உட்கார்ந்தார்கள். அக்கா இன்றுவரை என் வீட்டில் கை நனைத்ததில்லை.