பன்னிரண்டு தட்டுகளில் ஒரே ஓட்டை

எழிலரசிக்கு வயது நாற்பத்தொன்று. சொந்த ஊர் திருப்பூர், இருப்பது அமெரிக்காவில் ஃப்ரீமான்ட். மருந்துகளைச் சோதிக்க இதய செல்களை வளர்க்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாக லேசர் வேலை. கண்ணாடித் தட்டில் புரதத்தைப் பூசி, தலைமுடியைவிட மெல்லிய கோடுகளாக லேசரால் அதை நீக்குவார். மிச்சமிருக்கும் புரதத்தில்தான் செல்கள் ஒட்டும். வரிசையாக நின்று, சேர்ந்து துடிக்கும். வளர்ந்தபின் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தேர்வு செய்வதும் அவர்தான். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பது பழக்கம். அவர் ஓகே என்றால் மறுபேச்சில்லை.

போன மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை. முதல் தட்டின் நடுவில் கறுப்பாக ஓட்டை, அங்கே செல்லே இல்லை. அடுத்ததிலும் அதே இடம், பன்னிரண்டாவது தட்டு வரை அப்படியே. பன்னிரண்டையும் ஒதுக்கிவிட்டு, பக்கத்து அறையில் அதே வேலை பார்க்கும் மதனைக் கூப்பிட்டார்.

"என்னக்கா, காலையிலேயே டென்ஷன்?"

குனிந்து பார்த்தான். தட்டை மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"லைன் எல்லாம் சூப்பரா இருக்கே. எங்க ஓட்டை?"

"நடுவுல. அவ்ளோ பெருசா இருக்கு பாரு."

"வெளையாடாதீங்கக்கா."

எழிலரசி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முட்கள் சேரும் இடத்தைக் காணோம்.

முந்தின நாள் நினைவுக்கு வந்தது. லேசரை மூடியிருக்கும் பெட்டியின் கதவைத் திறந்தால் லேசர் நின்றுவிடும், மறுபடி தயாராக அரை மணி நேரம். நாளுக்கு முப்பது தட்டு கேட்கும் இடத்தில் யார் காத்திருப்பது? கதவு ஸ்விட்சில் டேப் ஒட்டி, மூடியிருப்பதுபோல் ஏமாற்றிவிட்டுத் திறப்பார்கள், எல்லோரும். அன்று பாதுகாப்புக் கண்ணாடியையும் நெற்றிக்கு ஏற்றிவிட்டு உள்ளே குனிந்தார். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. தலைக்குள் பொட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வலிக்கவில்லை.

"எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க மதன்."

"டேப்பைச் சொல்லாதீங்கக்கா. என் விசாவும் போயிடும்."

"சொல்லலைன்னா உன் கண்ணு போயிடும்."

நிறுவனத்தில் டேப்பைப் பற்றிச் சொன்னார், மதன் பெயரை விட்டுவிட்டு. விழித்திரையில் வெந்த இடம் இனி சரியாகாது என்றார் டாக்டர். பாதுகாப்பு விதியை மீறியதாக நிறுவனம் எழிலரசியை வேலையிலிருந்து நீக்கியது. கடிதத்தில் முப்பது தட்டு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூனில், மவுரி அவென்யூ மளிகைக் கடையில் மதன் எதிர்ப்பட்டான்.

"டேப் இன்னும் இருக்கா?"

மதன் கொத்தமல்லிக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இப்ப டார்கெட் நாப்பதுக்கா."