ஏழாம் நம்பருக்கு விழுந்த திட்டு

தெருவில் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனால் தபால்காரர்கூட அதைச் சொல்லித்தான் வீடு விசாரிப்பார். பதினாறு வருஷம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது எவ்வளவு தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். தாமதத்துக்குக் காரணம் சொல்லும்படி யாரும் கேட்டதில்லை. அவளாகவே சொல்வாள். டிரைவருக்குப் பல்வலி என்பது வரைக்கும் சொல்வாள். கடைசியில் நிர்வாகம் ஒரு இயந்திரத்தை வாங்கி வைத்தது. அது நேரத்தை மட்டும் சொன்னது. அவள் கையில் ஒரு பச்சைச் சால்வையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சால்வையை அவள் ஒருநாளும் போர்த்தியதில்லை. செய்தித்தாளில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். விசேஷத்துக்கு என்பாள். அதற்குத் தகுதியான விசேஷம் எதுவும் வரவில்லை.

கணவர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. ஊர் எல்லையில், சதுப்பு நிலத்தின் ஓரமாக இருந்த பறவைப் பண்ணையிலிருந்து அவருக்கு ஒருநாள் விசித்திரமான ஆர்டர் வந்தது. கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கி, முகத்துக்கு வலை வைத்த தலைமூடி, வலது கைக்கு நாரைத் தலை மாதிரி ஒரு உறை, அதன் நுனியில் மர அலகு. பூண்டோடு போய்விடும் என்று எல்லோரும் கைகழுவிய ஒரு நாரை இனம். பல வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பதுதான் மிச்சம் என்று ஆனபோது, முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து வளர்த்துச் சதுப்பில் விட ஆரம்பித்திருந்தார்கள். வளர்ப்பது மனிதர் என்று குஞ்சுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மனிதரை நம்பும். நம்பினால் வேலிக்கு வெளியே ஒரு வாரம் தாங்காது.

"அங்க ஆள் வேணுமாம். வாயே திறக்கக் கூடாத வேலை. உனக்குச் சரிப்படாது" என்று கணவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். மறுநாள் காலையிலேயே அவள் போய் நின்றாள்.

"எட்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாம இருப்பீங்களா?" என்று கேட்டாள் பண்ணையின் டாக்டரம்மா. தன்னால் எப்படியெல்லாம் பேசாமல் இருக்க முடியும் என்று ரேடியோ அக்கா கால் மணி நேரம் விளக்கினாள். வேறு யாரும் விண்ணப்பிக்காததால் வேலை கிடைத்தது.

ஆச்சரியம் என்னவென்றால், இருந்தாள். அங்கியை மாட்டி, சட்டைப்பையில் தாய் நாரையின் குறுகுறுப்பைப் போடும் சின்ன ஒலிப்பெட்டியை வைத்துக்கொண்டு, மர அலகால் தீவனம் பொறுக்கிக் காட்டிக்கொண்டே நாள் முழுவதும் ஊமையாக நடந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அணை திறந்துவிடும். கணவர் தையல் மிஷினின் மிதியை இன்னும் வேகமாக மிதிப்பார். தலைமூடி நெற்றியில் அரிக்கிறது என்று அவள் மூன்று நாள் தொடர்ந்து சொன்ன பிறகு, தூக்கிப் போய் உள்ளே ஏதோ வைத்துத் தைத்துக் கொடுத்தார். "பஞ்சு மாதிரி இருக்குங்க" என்றாள். அவர் தலை நிமிரவில்லை.

அந்த வருஷம் ஏழு குஞ்சுகள். ஏழாவது கடைசியாகப் பொரிந்தது. நோஞ்சான். ஒரு மழைநாள் பிற்பகலில் ஒலிப்பெட்டியின் பேட்டரி தீர்ந்துபோனது. குஞ்சு தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. அவள் தானே குறுகுறுத்துப் பார்த்தாள், அது மிக்ஸி ஓடுவது போல வந்தது. பதற்றத்தில் வாய் நழுவியது.

"சாப்பிடு கண்ணு."

ஏழாம் நம்பர் தலையைத் தூக்கியது. சாப்பிட்டது.

மறுநாள் புது பேட்டரி போட்டும் அது சீண்டவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு இரண்டு வார்த்தை. ஒரு வாரத்துக்குள், மாடிவீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாய்க்காக நடந்த சண்டை முழுவதும் ஏழாம் நம்பருக்குக் குசுகுசுவென்று போய்ச் சேர்ந்திருந்தது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண் இமைக்காமல் அது கேட்டது. அவள் பேச்சை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் பிடிக்க வேண்டிய வண்டி ஒன்று எப்போதும் இருந்தது.

இதனால் வீட்டில் ஒரு விபரீதம் நடந்தது. இருந்த பேச்செல்லாம் பண்ணையிலேயே செலவாகிவிட, அவள் வந்ததும் பேசாமல் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவினாள். முதல் வாரம் கணவர் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார். இரண்டாவது வாரம், "அலமாரியில ஏதாவது தேடினியா?" என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாவது வாரம் தாங்க முடியாமல் மிஷினை நிறுத்தினார்.

"எதுவா இருந்தாலும் திட்டிடும்மா. இப்படிச் சும்மா இருக்காதே. பயமா இருக்கு."

அவள் உடைந்துபோய் விஷயத்தைச் சொன்னாள்.

"கொக்கா? கொக்குகிட்டயா பேசினே?" அவருக்கு மூச்சு திரும்பி வந்தது. "நான் என்னமோன்னு நினைச்சேன்."

"வேற என்னன்னு நினைச்சீங்க?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

இறக்கை முற்றியதும் சோதனை வந்தது. டாக்டரம்மா சாதாரண உடையில், போனில் சத்தமாகப் பேசிக்கொண்டே சதுப்பின் கரையில் நடந்தாள். ஆறு நாரைகள் விருட்டென்று கிளம்பி நாணலுக்கு அப்பால் போய்விட்டன. ஏழாம் நம்பர் நின்றது. கழுத்தைச் சாய்த்தது. சுவாரசியமான பேச்சு என்று தோன்றியிருக்க வேண்டும், நாலடி கிட்டவும் வந்தது.

"பத்து நாள் பார்ப்போம். அப்பவும் இப்படின்னா ஆயுசுக்கும் கூண்டுதான்" என்றாள் டாக்டரம்மா.

ரேடியோ அக்கா தலைமூடியைக் கழற்றினாள். "தப்பு அது மேல இல்லீங்க டாக்டரம்மா. நான்தான் பேசிட்டேன்."

"எத்தனை நாள்?"

"மூணு நாள்." தலைமூடியை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "இருபத்திரண்டு நாள்."

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. "எந்தக் குரலை அது நம்புச்சோ, அந்தக் குரலே விரட்டணும். நாளையிலிருந்து அங்கி இல்லாம வந்து விரட்டுங்க. உங்களால கெட்டது, நீங்களே சரிபண்ணுங்க."

முதல் நாள் ஒரு தகரத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். "போயிடு கண்ணு" என்றாள். ஏழாம் நம்பர் ஓடோடி வந்தது. இரண்டாம் நாள் தட்டைத் தட்டினாள், அது தீவனம் எங்கே என்று தட்டுக்குள் பார்த்தது. எட்டாம் நாள் வரைக்கும் இதே கதைதான்.

"என்னைத் திட்டுற மாதிரி திட்டேன்" என்றார் கணவர்.

"அது என்ன தப்பு பண்ணிச்சு, திட்டுறதுக்கு?"

"நான் மட்டும் என்ன தப்பு பண்ணேன்?" என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள், தைத்து முடித்த அங்கிகளைக் கொடுக்கப் பண்ணைக்கு வந்தவர், வேலியோரம் நின்று பார்த்தார். சேற்றுக்குள் அவள். எதிரே, கை எட்டும் தூரத்தில் ஏழாம் நம்பர். அவள் கரண்டியை ஓங்குவதும் இறக்குவதுமாக, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு மறுபடி சோதனை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எடுக்காத தைரியத்தை அவர் அப்போது எடுத்தார்.

"ஏம்மா!" என்று கூப்பிட்டார். "அந்தப் பச்சைச் சால்வை இருக்குல்ல? இல்ல."

"என்ன இல்ல?"

"வெட்டிட்டேன். நெத்தி அரிக்குதுன்னு சொன்னியே, தலைமூடிக்கு உள்துணியா வெச்சது அதுதான். மிச்சத்துல மத்தவங்க மூடிக்கும் வெச்சிட்டேன். அஞ்சு மாசமாச்சு."

கரண்டி தட்டில் விழுந்த சத்தம் பண்ணை அலுவலகத்து ஜன்னலை அதிரவைத்தது.

"யாரைக் கேட்டு வெட்டினீங்க? பதினாறு வருஷம் தொண்டை கிழியக் கத்தினதுக்கு அந்த ஒரு துணிதானே எனக்கு மிச்சம்! கத்திரிக்கோலைக் கையில எடுத்தா கண்ணு தெரியாதா உங்களுக்கு? ஊரான் துணின்னா ஒரு அங்குலத்துக்கு மூணு தரம் அளக்கத் தெரியுது!"

ஏழாம் நம்பர் கழுத்தை நிமிர்த்தியது. இந்தக் குரலை அது கேட்டதில்லை. ஒரு அடி பின்னால் வைத்தது. அவள் வேலியைப் பார்த்து ஓட, தட்டு பறந்து வந்து சேற்றில் குத்தி நின்றது. பெரிய வெள்ளை இறக்கைகள் விரிந்தன. நாணலைத் தாண்டி, மற்ற ஆறும் நின்ற இடத்தையும் தாண்டிப் போய்த்தான் அது இறங்கியது.

"போயிடுச்சும்மா! பாரு, போயிடுச்சு!" என்றார் கணவர், வேலிக் கம்பத்தின் மறைவிலிருந்து.

அவள் திரும்பிப் பார்த்தாள். காலி சேறு. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி அவர் பக்கம் திரும்பினாள். திட்டு பாதியில் இருந்தது.

மறுநாள் சோதனையில் அவள் வாயைத் திறந்ததுமே ஏழாம் நம்பர் முதலில் கிளம்பியது.

அடுத்த வருஷக் கணக்கெடுப்பில் சதுப்பில் அறுபத்து மூன்று நாரைகள். டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "கால்ல ஏழாம் நம்பர் வளையம் போட்ட பறவை, மனுஷன் இருமினாலே கிளம்பிடுதாம். கூட்டத்தையே இழுத்துட்டுப் போயிடுதாம். எண்ணப் போனவங்க திண்டாடிட்டாங்க."

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே அவள் இதைக் கணவரிடம் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கையில் பேச்சு தானாகவே சால்வைக்கு வந்து நின்றது. ஒரு வருஷமாக எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

கணவர் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த ஏழாம் நம்பருக்கென்ன, இறக்கை இருக்கு" என்றார்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு."