உச்சியில் எடுக்காத படம்

புதுக்கோட்டைப் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் சந்தனமேரிக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். பினாங்கிலிருந்து வந்த அவளுடைய தம்பி ஒரு பெட்டிக் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனான். முப்பத்தாறாம் வருஷம், இவளையும் புருஷன் மரியசெல்வத்தையும் சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தர்களின் மலையேறும் சங்கம் சேர்த்துக்கொண்டதே அந்தக் கேமராவுக்காகத்தான்.

சங்கத் தலைவர் ஆவுடையப்பன் ஹெட்கிளார்க். ஆபீஸில் மேஜைக்கு மேஜை அதட்டுவதுபோலவே மலையையும் அதட்டி ஏறுவார். உச்சிக்குப் போனதும் பாறையில் சுண்ணாம்பால் பெயர் எழுதுவார், மூச்சு வாங்குவார், இறங்கிவிடுவார். மலையேற்றம் என்று அவர் சொன்னது இதைத்தான்.

அந்தத் தடவை நார்த்தாமலை. திருச்சி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே சந்தனமேரி பின்தங்கினாள். மழைத் தண்ணீர் வழிந்து வழிந்து கறுப்புக் கோடு விழுந்திருந்த பாறை முன்னால் நின்றாள். சுனையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர்மலை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு விதமாகத் தெரிந்தது. கீழிருந்து பார்த்தபோது படுத்த மாடு. கொஞ்சம் ஏறியதும் முதுகு பிளந்து இரண்டு மலை. அப்படித் தெரிந்தபோதெல்லாம் கேமராவை வயிற்றோடு அணைத்து, குனிந்து பார்த்து எடுத்தாள்.

"வெரசா வாங்க டீச்சர், உச்சி ஓடிப் போயிரும்!" என்று மேலேயிருந்து கத்தினார் ஆவுடையப்பன்.

"ஓடாதுங்க. அதுக்கு ஒங்க அவசரம் இல்ல" என்றாள் இவள்.

அவள் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது ஆவுடையப்பன் துரைமார் போடும் சோலாத் தொப்பியும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக ஒரு காலைப் பாறைமேல் தூக்கி வைத்து நின்றுகொண்டிருந்தார். மாலை அவரே வாங்கி வந்தது.

"எடுங்க டீச்சர்."

"பிலிம் தீந்து போச்சுங்க."

"தீந்து போச்சா? எதை எடுத்தீங்க?"

"வழிய."

அவள் எதிர்மலையை நின்று நின்று எடுத்ததை மேலேயிருந்து பார்த்திருந்த ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்தது. "ஒரே மலைய இத்தனை தடவ எடுத்துட்டு, உச்சிக்கு ஒண்ணு கூட வைக்கலியா?"

"உச்சியில என்ன இருக்கு எடுக்க? நீங்கதான் இருக்கீங்க. ஒங்கள கச்சேரியிலயே பாத்துக்கலாமே. இங்க நின்னா நாம ஏறுன மலை கூடத் தெரியல."

மரியசெல்வம் மனைவியின் முழங்கையை இடித்தான். யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். இவள் கட்டுச்சோற்றை அவிழ்த்தாள்.

வீட்டுக்குத் திரும்பியதும், "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு மேரி" என்று கெஞ்சினான் மரியசெல்வம். இவள் கேட்கவில்லை. சங்கத்திலிருந்து இரண்டு பேரையும் நீக்கிவிட்டார்கள். அன்று ராத்திரி கொஞ்சம் அழுதாள். நீக்கியதற்காக அல்ல, மலைக்குத் துணைக்கு ஆள் இல்லாமல் போகுமே என்று. ஆனால் அடுத்த சனிக்கிழமை சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான் மரியசெல்வம்.

ஆவுடையப்பன் விடவில்லை. ஸ்டூடியோக்காரரை ஸ்டாண்டு கேமராவோடு அதே உச்சிக்கு ஏற்றிப் படம் எடுக்க வைத்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிலபேர், பின்னால் வெறும் வெள்ளை வானம். அதைப் பெரிதாகக் கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டினார். கையெழுத்து வாங்க வந்த ஆலங்குடிக்காரர் பெரியகருப்பன் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எந்த வீட்டு மொட்டைமாடிங்க இது?" என்று கேட்டார். மறுநாள் படம் அங்கே இல்லை.

உலகச் சண்டை வந்து கடைகளில் பிலிம் கிடைக்காமல் போனது. சந்தனமேரி கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு மலைக்குப் போனாள். அந்த வருஷங்களில்தான் நன்றாகப் பார்த்தேன் என்று பிறகு சொல்லுவாள்.

நாற்பத்து நாலில் மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி, நார்த்தாமலையில் எந்தப் பக்கம் ஏறினால் தண்ணீர் கிடைக்கும் என்று ஆவுடையப்பனிடம் கேட்டார். வருஷக்கணக்காக ஏறிய மனுஷன் விழித்தார். தண்ணீர் இருந்ததா என்றே அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் டீச்சர் வீட்டைக் கை காட்டிவிட்டார்.

"உச்சிக்குப் போறீங்களா, மலைக்குப் போறீங்களா?" என்று அதிகாரியிடம் கேட்டாள் சந்தனமேரி. "உச்சிக்குன்னா வழி கேக்க வேண்டியதில்லைங்க. அண்ணாந்து பாத்துக்கிட்டே போக வேண்டியதுதான். மலைக்குன்னா சொல்லுங்க, சனிக்கிழமை நாங்களும் வாரோம்."