நோர்மா வீட்டுக் காரின் மூக்கு

இத்தாலியில், மோதெனாவின் ஊர்க்கோடி ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றபோதுதான் மிரெல்லாவின் காதில் அது விழுந்தது. அவள் கணவனின் பட்டறைக்குக் கேஸ் சிலிண்டர் இறக்குகிறவன் கடைக்காரியிடம் சொன்னானாம். கடைக்காரி மிரெல்லாவிடமே கேட்டாள்.

"உன் வீட்டுக்காரரு சுத்தியலைக் கையில வச்சுக்கிட்டே அரைமணி நேரம் சுத்தியலைத் தேடினாராமே?"

"நீகூடத்தான் புருஷனைப் பக்கத்துல வச்சுக்கிட்டே தெருவெல்லாம் தேடுற," என்று சொல்லிவிட்டு, ரொட்டி வாங்காமலே திரும்பினாள் மிரெல்லா. சிலிண்டர்காரன் சொன்னது பொய்யில்லை.

அவள் கணவன் ஆர்மிதோ, பழைய பந்தயக் கார்களின் உடம்பைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர். குளிர்காலத்தில் இடது கண் மங்கியது, வசந்தத்தில் வலதும் தொடங்கியது. முதலில் போனவை நிறங்கள். பழுப்பும் கறுப்பும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன. அறுவை செய்தாலும் பயனில்லை என்று டாக்டர் கைவிரித்தது, அவனைத் தவிர மிரெல்லாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் நோர்மா குவெர்ட்சோனி தன் அப்பாவின் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். மலைப்பாதைப் பந்தயங்களில் அவர் ஓட்டிய சிவப்புக் கார். அவர் இறந்து இரண்டு வருஷம். அதன் மூக்கில், விளக்குக்குப் பக்கத்தில் அலுமினியத் தகட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

"மேஸ்திரி, அப்பா ஓட்டின தகடு அப்படியே இருக்கணும். வெட்டிட்டுப் புதுசு வைக்கிறதா இருந்தா வேண்டாம், விரிசலோடவே நிக்கட்டும்."

"வெட்டமாட்டேன்," என்று கையடித்துக் கொடுத்தான் ஆர்மிதோ. இதை முடித்துக் காட்டினால் ஊர் வாய் அடங்கும், பட்டறையில் இன்னும் கொஞ்ச காலம் நிற்கலாம். இல்லாவிட்டால் வீட்டுச் சன்னலோரம் ஒரு நாற்காலி. வேறொன்றும் இல்லை.

கூட வேலை செய்யும் வாஸ்கோ சாப்பிடப் போனதும், ஆர்மிதோவுக்குக் கண்ணாக நிற்க மிரெல்லா ஏப்ரனோடு பட்டறைக்குள் வந்தாள். தகட்டில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினார்கள். உள்ளே தங்கிய எண்ணெயால் விரிசல் ஈரக்கோடாக எழுந்தது. அது முடியும் இடத்தை அவள் விரல் வைத்துக் காட்ட, விரிசல் மேலே ஓடாதபடி அங்கே ஆர்மிதோ சிறு துளை போட்டான். அதுவரை எல்லாம் நன்றாகவே போனது.

விரிசலைப் பற்றவைத்து ஒட்டும் முன் தகட்டை நெருப்புக் காட்டி இளக்க வேண்டும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. அதனால் துணி சோப்பைத் தேய்த்து வைப்பார்கள். சோப்பு பழுப்பானால் நெருப்பை எடுத்துவிட வேண்டும். கறுத்தால் தகடு போயிற்று.

"நான் 'எடு'ன்னு சொன்ன உடனே எடுத்துடுவியா?"

"நாப்பது வருஷத்துல நீ சொல்லி எதை எடுக்காம விட்டேன்?"

"குப்பையை."

அவன் சிரித்துக்கொண்டே நெருப்பைக் கொண்டுபோனான். சோப்புக்கோடு மஞ்சளானது. அப்போது அவனுடைய மங்கிய கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசையில் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட முடியாமல் அவன் நின்ற நிலையை மிரெல்லா பார்த்தாள். ஒரு கணம்தான். திரும்பியபோது சோப்பு கறுத்திருந்தது.

"எடு! எடு!"

உடனே எடுத்தான். ஆனால் தகடு ஈரத்துணிபோலத் தொய்ந்து, அவர்கள் கண்ணெதிரே உதிர்ந்தது. உள்ளங்கை அளவுக்கு ஓட்டை.

வாய் துடைத்தபடி வந்த வாஸ்கோ, ஓட்டையைப் பார்த்தான், சோப்பைப் பார்த்தான், மிரெல்லாவைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

"அண்ணே, ஒண்ணும் ஆகிடல. புதுத்துண்டு அடிச்சுப் பற்றவச்சு, பெயின்ட் பூசினா அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகுது? ஊர்ல எல்லாரும் பண்றதுதானே?"

"அடிக்கிறது யாரு?"

வாஸ்கோ தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான் அடிக்கணும்."

ஆர்மிதோ விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். இன்னும் சுட்டது. கையை எடுக்கவில்லை. மிரெல்லாதான் பிடித்து இழுத்தாள்.

"நோர்மாவுக்குப் போன் போடு, மிரெல்லா. எனக்கு எண் கண்ணுக்குத் தெரியல," என்றான். பட்டறையில் வாய்விட்டு அதை அவன் சொன்னது அன்றுதான்.

"பழியை என் மேல போடு, ஆர்மிதோ. மிரெல்லா கவனிக்கலைன்னு சொல்லு."

"நீ எதுக்குக் கவனிக்கணும்னு கேட்பாளே. அப்போ என்ன சொல்றது?"

மிரெல்லா போனை எடுத்தாள். எண்களை அழுத்தி, ரிசீவரை அவன் காதில் வைத்தாள். மதிய நேரத்தில் நோர்மா எப்போதும் வீட்டில்தான் இருப்பாள். மறுமுனையில் மணி அடித்தது. "உங்க அப்பாவோட…" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். சரியாக வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.