வாசுகி டீச்சரின் நான்கு அடி மௌனம்

வாசுகி டீச்சர் சுங்கை லாலாங் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பத்து வருடம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, முப்பத்து மூன்று வயதில் எங்கள் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். கீபோர்டை யாரிடமும் முறையாகக் கற்றதில்லை; கைப்பேசியில் பார்த்துப் பழகியதுதான். புக்கிட் செலம்பாவ் பக்கமுள்ள எங்கள் சின்னப் பள்ளியில் இசைப் பாடம் உருப்படியாக நடந்தது அவர் வந்த பிறகுதான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று வருடம் பிடித்தது. நான் திவாகரன், கணக்கு வாத்தியார்.

புதன்கிழமை வந்தாலே எனக்கு எரிச்சல். இசைப் பாடவேளையில் டீச்சர், இசைக்குறிகளின் நீளத்தைக் காலால் பழக்க நாலாம் ஆண்டுப் பிள்ளைகளைத் திடலில் இறக்கிவிடுவார்.

"கிரோசெட்னா ஒரு அடி, நடங்க! குவேவர்னா அதுல பாதி, ஓடுங்க! மினிம்னா ரெண்டு அடி, ஒரு காலை வச்சு நில்லுங்க!"

ஓடிக் களைத்த பிள்ளைகள் அடுத்து என் வகுப்பில் வந்து கொட்டாவி விடுவார்கள். அந்தப் பாடவேளையை எனக்குக் கொடுங்கள் என்று தலைமையாசிரியர் காளிதாசனை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "சுங்கை பட்டாணியில நடக்கிற பள்ளித் தாளப் போட்டியில மூணு இடத்துக்குள்ள வந்தா டீச்சருக்கு. இல்லாட்டி சாருக்கு. அவ்வளவுதான்லா."

அன்றிலிருந்து டீச்சருக்குத் தூக்கம் போயிற்று. பதினைந்து பிள்ளைகள், கைதட்டலும் மேசைத்தட்டலும் மட்டும். நடுவில் நான்கு அடி முழு மௌனம். யஷ்வினி என்ற சிறுமி அந்த மௌனத்தில் தவறாமல் தட்டிவிடுவாள்.

"சும்மா இருக்கிறதையும் எண்ணணும்மா. சத்தம் நின்னாலும் அடி ஓடிக்கிட்டேதான் இருக்கும்," என்று டீச்சர் நூறு முறையாவது சொல்லியிருப்பார். ஒத்திகை பார்க்க என்னையும் இரண்டு தடவை கூப்பிட்டார். தாள் திருத்த வேண்டும் என்று நழுவிவிட்டேன்.

போட்டியன்று பெற்றோர் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். நான் அவர்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், தோற்கட்டும் என்றுதான் போயிருந்தேன். பிள்ளைகள் தட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அந்த நினைப்பு மறந்துபோனது. ஒரு கை முந்தவில்லை, ஒரு கை பிந்தவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. வேகம் ஏறி ஏறி, சட்டென்று நின்றது.

முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து நின்று கை தட்டினேன்.

வாத்தியாரே தட்டுகிறாரே என்று பெற்றோர் அத்தனை பேரும் தட்டினார்கள். விசில் பறந்தது. மேடை ஓரத்தில் டீச்சரின் கை மட்டும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தது: இரண்டு, மூன்று. முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. யஷ்வினி என்னைப் பார்த்தாள். பார்த்துத் தட்டினாள். ஐந்தாறு பேர் அவளோடு சேர்ந்தார்கள். மற்றவர்கள் சரியான இடத்தில் சேர, இரண்டு தாளமும் முட்டி மோதி எல்லாம் சிதறிப்போனது. எட்டுப் பள்ளிகளில் நாங்கள் ஆறாவது.

மறுநாள் காளிதாசன், "என்னா டீச்சர் ஆச்சு?" என்றார்.

"பிள்ளைங்க எண்ணிக்கையை விட்டுட்டாங்க சார்," என்றார் டீச்சர். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் இடைமறித்தேன். "நான்தான் சார் முதல்ல தட்டுனேன். முடிஞ்சிருச்சின்னு நெனச்சிட்டேன். அந்தப் பாடவேளை எனக்கு வேணாம்."

"கேட்டதும் நீங்க, வேணாங்கிறதும் நீங்களா? அட்டவணை போட்டாச்சு சார்," என்றார் அவர்.

புதன்கிழமை நான் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார்கள். யஷ்வினி மட்டும் எழுந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"சார், நான் தட்டுனதாலதானே டீச்சர் வரல?"

"இல்லம்மா," என்றேன். "நான் தட்டுனதால."