இருபத்தோரு மீட்டர்

பெர்கன் நகரத்து ஆய்வகம் ஒன்றில் முப்பத்தொரு வருடமாகப் பழைய காற்றழுத்தப் பதிவுகளைச் சரிபார்த்து வந்தாள் சொல்வி மிக்லபுஸ்ட். நூறு வருடத்துக்கு முன்பு கலங்கரை விளக்கக் காவலர்கள் கையால் எழுதிய எண்களைக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனாலும் அவள் சரியென்ற எண்ணை யாரும் மறுத்ததில்லை.

அடுத்த அறைக்காரன் ஐவின். கடலும் காற்றும் பனியும் சேர்ந்த ஒரு பூமி மாடலைக் கணினிக்குள் ஓடவிட்டிருந்தான். குறிப்பிட்ட ஒரு குளிர்காலம் அதில் அப்படியே வர வேண்டியதில்லை; பத்து வருடத்துக்குப் பத்து வருடம் காற்றழுத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவாவது நிஜத்தோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை. நிஜத்தின் ஆட்டம் மாடலைப்போல் இரண்டு பங்கு என்று காட்டியது சொல்வி வரைந்த படம். கூட்டத்தில் அந்த மாடலுக்குத் தூங்குமூஞ்சி என்று அவள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஐவின் இரண்டு வருடம் அதைக் குடைந்தான்; ஒன்றும் தேறவில்லை.

மார்ச் மாதம், மழையளவு தேடி ஒரு தீவின் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது, 1926ஆம் வருடத்துப் பக்க ஓரத்தில் காவலரின் கிறுக்கல் கண்ணில் பட்டது. 'பாரமானியை இன்று மேல் அறைக்கு ஏற்றினோம். முழங்கால் போயிற்று.' சொல்வி அந்த வரியை மறுபடி படித்தாள். உயரம் கூடினால் பாரமானி காட்டும் அழுத்தம் குறையும். அவள் படமே பெரும்பாலும் அந்தத் தீவின் எண்களை நம்பித்தான் நின்றது.

மறுநாளே அந்தத் தீவுக்குப் படகேறினாள். இரண்டு மணி நேரம் அலை புரட்டியெடுத்தது. அளவு நாடாவைப் பிடித்துக் கலங்கரை விளக்கத்தின் படிகளை அளந்தாள். இருபத்தோரு மீட்டர். ஒரு கருவி மாடியேறியதை, வானமே மாறிவிட்டதென்று எண்ணியிருக்கிறாள்.

சத்தமில்லாமல் திருத்தியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. திரும்பும் வழியெல்லாம் அந்த நினைப்பும் கூடவே வந்தது.

மறுநாள் பதினொன்றரை மணிச் சாப்பாட்டில், ரொட்டிமேல் பழுப்புச் சீஸை வைத்துக்கொண்டிருந்த ஐவினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"ரெண்டு வருஷம், சொல்வி. நீ சொன்னேன்னுதானே என் மாடலைப் பிரிச்சுப் போட்டேன்."

"தெரியும். தப்பு என் பேர்லதான். வியாழக்கிழமை கூட்டத்துல நானே சொல்றேன்."

சொன்னாள். பழைய படத்தையும் திருத்திய படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் ஒரு வாரம் ஐவின் தன் அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டான். அவள் போய்த் தட்டவில்லை. மற்ற ஐந்து தீவுகளின் ஏடுகளை ஓரம் விடாமல் படித்தாள். அவற்றில் கருவி எதுவும் இடம் மாறவில்லை.

எட்டாம் நாள் அவனே காபிக் குடுவையோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"இப்பவாவது என் மாடல் முழிச்சிருக்கா?"

"தூங்குமூஞ்சிதான். அரைக் கண்ணு திறந்திருக்கு."

அவன் சிரித்துவிட்டான். வித்தியாசம் பாதியாகக் குறைந்திருந்தது; மீதிப் பாதி, எந்தத் தீவை வைத்துப் பார்த்தாலும் அசையவில்லை. ஐவின் பிரித்துப் போட்டிருந்த தன் மாடலைப் பழைய நிலைக்கே கொண்டுவந்தான். இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருவர் பெயரும் வந்தது. முந்தைய படத்தின் பிழை யாருடையது என்று பெயர் சொல்லி எழுதவேண்டும் என்பதில் மட்டும் சொல்வி விட்டுக்கொடுக்கவில்லை.

மீதிப் பாதிக்குக் காரணம் கடலா, உயர வானத்துக் காற்றா என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.